ராபர்ட் பூத்பி: பொதுவில் கேட்ட உரிமையும் தனக்கு வாய்த்த பாதுகாப்பும்

தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டத்தை மறுஆய்வு செய்ய வேண்டுமென்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முதலில் எழுந்த குரல்களுள் ஒன்று ராபர்ட் பூத்பியினுடையது. அவர் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர், வங்கியாளரின் மகன், ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றவர். ஆண்களையும் பெண்களையும் நாடிய இருபாலீர்ப்பாளராகவும் அவர் வாழ்ந்தார் என்பது இன்று வரலாற்றில் பதிவான செய்தி. உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வேறுபாட்டை அவருடைய அரசியல் வாழ்க்கை தெளிவாகக் காட்டுவதால், அதை நாம் கருத்தூன்றிப் படிக்க வேண்டியிருக்கிறது.

1900ஆம் ஆண்டு எடின்பரோவில் பிறந்த பூத்பி, 1924இல் தமது 24ஆம் வயதில் ஸ்காட்லாந்தின் கிழக்கு அபர்தீன்ஷயர் பகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பீட்டர்ஹெட், ஃபிரேசர்பரோ ஆகிய மீன்பிடித் துறைமுகங்களைக் கொண்ட தொகுதி அது. ஹெர்ரிங் மீனவர்களின் சிக்கல்களைச் சலிக்காமல் அவையில் எழுப்பிய அவரை, அம்மக்கள் 1958 வரை தொடர்ந்து தேர்ந்தெடுத்தனர். 1926 முதல் 1929 வரை, நிதியமைச்சராயிருந்த சர்ச்சிலின் நாடாளுமன்றச் செயலராகப் பணியாற்றினார். ஹிட்லரின் எழுச்சி குறித்துத் தொடக்கத்திலேயே எச்சரித்தவர்களுள் அவரும் ஒருவர். 1940 மே மாதம் நார்வே விவாதத்தின் முடிவில், தம் கட்சியின் பிரதமரான சேம்பர்லினுக்கு எதிராகவே வாக்களித்தார்.

சர்ச்சில் அமைத்த போர்க்கால அரசில் பூத்பிக்கு உணவுத் துறையின் துணைப்பொறுப்பு கிடைத்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கருவுற்ற மற்றும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மலிவு விலையிலும், வறியவர்களுக்கு இலவசமாகவும் பால் வழங்கிய திட்டம் அத்துறை செய்த நற்பணிகளுள் ஒன்று. ஆனால் அப்பதவியில் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. பிரிட்டனில் முடக்கப்பட்ட செக்கோஸ்லோவாக்கியச் சொத்துகள் தொடர்பாக அவர் வாதாடியபோது, அதில் தமக்கிருந்த பண நலனை வெளியிடவில்லை என்று நாடாளுமன்றக் குழு கண்டறிந்தது. 1941இல் அவர் பதவி விலகினார். அதன்பின் அமைச்சர் பதவி எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை.

அவருடைய தனிவாழ்வை லண்டனின் ஆளும் வட்டம் அறிந்தே இருந்தது. பின்னாளில் பிரதமரான ஹெரால்டு மாக்மில்லனின் மனைவி டோரதியுடன் அவர் கொண்டிருந்த உறவு, 1966இல் டோரதி இறக்கும்வரை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. அதை அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும் அறிந்திருந்தனர். ஆனால் எவரும் அச்சிலேற்றவில்லை. அவர் ஆண்களோடு கொண்ட உறவுகளையும் இதே மௌனம் மூடிக்காத்தது. ஆனால் இங்கே மூடப்பட்டது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 1885ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, தனியிடத்தில் மனமொப்பி உறவுகொண்ட ஆண்களையும் ஈராண்டுவரை சிறையில் அடைக்க முடிந்தது. மிரட்டிப் பணம் பறிப்போருக்கு அச்சட்டம் பட்டயமாகவே பயன்பட்டது. 1952இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் தண்டிக்கப்பட்டு, சிறைக்கு மாற்றாக ஹார்மோன் ஊசியை ஏற்க நேர்ந்ததும் இதே சட்டத்தால்தான்.

1950களின் தொடக்கத்தில் இவ்வழக்குகள் பெருகியபோது பூத்பி மௌனமாக இருக்கவில்லை. சட்டத்தை ஆராய விசாரணைக்குழு வேண்டுமென உள்துறை அமைச்சர் மாக்ஸ்வெல் ஃபைஃபை வலியுறுத்தினார். 1954 ஏப்ரலில், தொழிற்கட்சி உறுப்பினர் டெஸ்மண்ட் டொனலியும் அவரும் அவையிலேயே இப்பொருளை எழுப்பினர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜான் வுல்ஃபெண்டன் தலைமையில் குழு அமைந்தது. 21 வயது நிறைந்த ஆண்கள் தனியிடத்தில் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமாகாது என அக்குழு 1957இல் பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாக மேலும் பத்தாண்டுகள் ஆயின. 1967ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தியது. பூத்பியைத் தேர்ந்தெடுத்தனுப்பிய ஸ்காட்லாந்து மக்களுக்கு அவ்விடுதலை 1980இல்தான் சட்டமாகியது.

இந்த உழைப்பை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. வாக்கிழக்கும் ஆபத்தும், தம்மீதே ஐயம் திரும்பும் ஆபத்தும் அதில் இருந்தன. எனினும் அடுத்து நடந்தவற்றையும் இதனோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

1958இல் பூத்பி ஆயுட்கால பிரபுவாகி மேலவைக்குச் சென்றார். அவ்வாய்ப்பை அளித்தவர் அப்போது பிரதமராயிருந்த அதே மாக்மில்லன். 1964 ஜூலையில், ஒரு பிரபுவுக்கும் லண்டன் குண்டர் தலைவன் ஒருவனுக்கும் உள்ள உறவைக் காவல்துறை விசாரிப்பதாக சண்டே மிரர் ஏடு பெயர் குறிப்பிடாமல் எழுதியது. பிரபு பூத்பி; குண்டன் கிழக்கு லண்டனை அச்சத்தில் ஆழ்த்திய ரோனி க்ரே. டைம்ஸ் ஏட்டுக்குக் கடிதம் எழுதிய பூத்பி, தாம் தன்பாலீர்ப்பாளர் அல்லர் என்றும், க்ரேயைச் சந்தித்தது தொழில் பேச்சுக்காகவே என்றும் மறுத்தார். தேர்தல் நெருங்கிய வேளை அது. தொழிற்கட்சியின் டாம் டிரைபெர்க்கும் க்ரே வட்டத்தில் பழகியவராதலால், இரு பெருங்கட்சிகளுமே விவகாரம் வளர்வதை விரும்பவில்லை. தொழிற்கட்சித் தலைவர் வில்சனின் வழக்கறிஞரான ஆர்னால்டு குட்மன் பூத்பிக்காக வாதாட வந்தார். பத்திரிகை மன்னிப்புக் கேட்டு 40,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது.

அவர் மறுத்ததற்கு மாறாக க்ரேயுடனான பழக்கம் நெருக்கமானதாகவே இருந்தது என்பதைப் பிற்கால ஆய்வுகளும், 2015இல் வெளியான பிரிட்டிஷ் உளவுத்துறை ஆவணங்களும் காட்டுகின்றன. அந்த இழப்பீட்டுக்குப் பின் க்ரே சகோதரர்களைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் அஞ்சின; காவல்துறையும் தயங்கியது. 1965இல் அவர்கள் கைதானபோது, விசாரணையின்றி எத்தனை நாள் அடைத்து வைப்பீர்கள் என்ற பொருளில் மேலவையில் கேள்வி எழுப்பினார் பூத்பி. அவ்வழக்கிலிருந்து அவர்கள் விடுதலையாயினர். 1966இல் ஜார்ஜ் கார்னெலும் 1967இல் ஜாக் மெக்விட்டியும் கொலையுண்டனர். 1969இல்தான் சகோதரர்களுக்கு ஆயுள்தண்டனை கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் விலையைச் செலுத்தியது பெரும்பாலும் கிழக்கு லண்டன் என்னும் உழைப்பாளர் பகுதி.

பூத்பியின் பாலீர்ப்பில் பிழை தேடுவோர் இக்கதையைத் தவறாகவே படிப்பர். மறைந்து வாழும் நிலைக்கு அவரைத் தள்ளியது சட்டம். அச்சட்டத்தின் கீழ்ப் பூங்காவிலும் பொதுக் கழிப்பறையிலும் பிடிபட்ட எளியவன் வேலையையும் வீட்டையும் இழந்து சிறை சென்றான். அவனுக்குக் குட்மன் இல்லை. அவனுக்காக மௌனம் காக்க ஒரு கட்சியும் இல்லை. குடிப்பிறப்பும் பதவியும் தரும் பாதுகாப்பைச் சிலர் மட்டுமே துய்க்கிறார்கள். பொதுவுரிமை சட்டப்புத்தகத்தில் ஏறினால் மட்டுமே அந்த எளியவனைக் காக்கும். பூத்பி அவையில் வேண்டியது இரண்டாவது. நெருக்கடியில் அவரைக் காத்தது முதலாவது.

அதே பேரரசு 1860இல் நம் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவை எழுதிச் சென்றது. பிரிட்டன் தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டு அரை நூற்றாண்டுக்குப் பின், 2018 செப்டம்பர் 6ஆம் நாள்தான் வயதுவந்தோரின் மனமொப்பிய உறவு குற்றமன்று என நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1986இல் மறைந்த பூத்பி, தம்மைத் தாமே வெளிப்படையாக இருபாலீர்ப்பாளர் என்று சொல்லிக்கொள்ளாமலே இறந்தார். இன்று ஒருவர் அச்சமின்றி அதைச் சொல்ல முடியுமானால், அவருக்குச் செல்வாக்கான நண்பர்கள் உள்ளனரா என்ற கேள்வி எழாதிருக்க வேண்டும். ஒரு சட்டம் உண்மையில் மாறியதா என்பதை நாம் அந்த இடத்தில்தான் அளந்து பார்க்க வேண்டும்.