புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

நோயாளிக்குத் தொண்டு செய்வது பேரறம் என்பதை யாவரும் அறிவர். ஆயினும், சாவின் வாயிலில் கிடப்பவன் தனியொருவன் அல்லன். அவனுடைய தாயும் மனைவி மக்களும் அவனோடு உள்ளம் நொந்து கிடக்கின்றனர். அவர்களுக்கும் ஆறுதல் வேண்டும் என்பதைத் தம் செயலால் காட்டியவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். செவிலியர் தொழில் இழிவாக எண்ணப்பட்ட காலம் அது. பெற்றோர் தடுத்தும் அவர் உறுதி குன்றவில்லை. 1851இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றார். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார்.

அங்கே குண்டடியால் மாண்டவரைவிட நோயால் மாண்டவரே மிகுதி. இரவில் விளக்கேந்தி அம்மையார் படுக்கைதோறும் சென்றார்; உயிர் பிரியும் வேளையில் பலர் அருகில் அமர்ந்திருந்தார். அத்துடன் தம் கடமை முடிந்ததென அவர் எண்ணவில்லை. கடல் கடந்து இங்கிலாந்தில் காத்திருந்த பெற்றோருக்கும் மனைவியருக்கும் தம் கையாலேயே கடிதம் எழுதினார். மகன் எவ்வாறு இறந்தான், யாரை நினைத்தான் என்பவற்றை அறிவித்தார். அவன் விட்டுச் சென்ற சிறு பொருளையும் அனுப்பி வைத்தார்.

படையுடன் வந்த வீரர்களின் மனைவியர் அம்மருத்துவமனையின் நிலவறைகளில் பசியோடும் பிள்ளைகளோடும் வாடினர். அவர்களைக் கவனிக்கும் பொறுப்பை அலிசியா பிளாக்வுட் சீமாட்டியிடம் ஒப்படைத்தார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சலவைச்சாலை அமைத்து, அப்பெண்களில் சிலருக்கு வேலையும் கூலியும் அளித்தார். சம்பளத்தை வீரர்கள் குடித்தே அழிப்பர் எனப் பலர் கருதினர். அம்மையாரோ வீட்டுக்குப் பணம் அனுப்ப வழி செய்தார். ஆறே மாதங்களில் 71,000 பவுன் குடும்பங்களைச் சென்றடைந்தது.

1856இல் நாடு திரும்பினார். 1860இல் லண்டனில் செவிலியர் பள்ளி நிறுவினார். செவிலியம் பற்றிய தம் நூலில் உறவினர்க்கும் அறிவுரை கூறினார். பிழைத்து விடுவாய் என்று பொய்யாகத் தேற்றுவது நோயாளியைத் தனிமையில் தள்ளும் என்பது அவர் கண்ட உண்மை. மனந்திறந்து பேச அவனுக்கு ஒருவரும் இல்லாமற் போவர் அன்றோ?

1910 ஆகஸ்ட் 13ஆம் நாள், தமது 90ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். அவர் விரும்பியவாறே உறவினர் எளிய முறையில் அடக்கம் செய்தனர்.

அன்பர்களே! அண்டை வீட்டில் ஒருவர் இறுதிப் படுக்கையில் கிடப்பின், அவரைப் பார்த்துவிட்டு வாயிற்படியோடு திரும்பிவிடாதீர். கண்விழித்துக் காத்திருக்கும் வீட்டாருக்கு ஒருவேளை உணவளியுங்கள். ஓரிரவு அவர்களுக்காக விழித்திருங்கள். அம்மையாரின் விளக்கு அங்கே ஒளிரும்.