குற்றத்துக்கு அளவுகோல் கண்ட பெக்காரியா

தண்டனை எவ்வளவு கொடியதோ அவ்வளவுக்குக் குற்றம் குறையும் என்ற நம்பிக்கை ஜனங்களிடையே இன்றும் வேரூன்றி நிற்கிறது. எங்கேனும் ஒரு கொடுஞ்செயல் நிகழ்ந்துவிட்டால் தூக்குமரத்தை நாட்டவேண்டும் என்ற கூக்குரல் எழும்புகிறது. பிடிபட்டவன்தான் குற்றவாளியா என்ற கேள்வி அக்கூக்குரலில் அமுங்கிப் போகிறது. இந்த நம்பிக்கையை 260 ஆண்டுகளுக்கு முன்பே எதிர்த்து ஒரு சிறு நூல் எழுதியவர் இத்தாலி தேசத்தவரான செஸாரே பெக்காரியா. அப்பொழுது அவருக்கு வயது 26. அவருடைய சரித்திரத்தை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

பெக்காரியா 1738-ம் வருஷம் மார்ச்சு 15-ந் தேதி மிலான் நகரத்தில் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் மிலான் ஆஸ்திரிய அரச வமிசத்தின் ஆளுகையில் இருந்தது. பார்மா நகரத்தில் சேசு சபைப் பாதிரிமாரின் கல்லூரியில் பயின்றபின், 1758-ல் பாவியா சர்வகலாசாலையில் சட்டப் பட்டம் பெற்றார். இயல்பிலே கூச்சமும் சோம்பலும் மிக்கவர். சபையேறிப் பேச அஞ்சுபவர். ஆயினும் தெரேஸா என்னும் பெண்ணை மணக்க விரும்பியபோது தந்தையின் சினத்துக்கு அவர் பணியவில்லை. தந்தையோ மகனை வீட்டுக் காவலில் வைக்குமாறு உத்தரவு வாங்கினார். 1761-ல் மணம் முடிந்தது. அதிகாரம் ஒரு மனிதனை அடைத்து வைத்தால் அவன் மனம் எவ்வாறு கொதிக்கும் என்பதை அந்த இளைஞர் இவ்விதம் தம் வீட்டிலேயே கற்றார்.

மிலானில் வெர்ரி சகோதரர் இருவர் ஓர் இளைஞர் கூட்டத்தை நடத்தி வந்தனர். பியேத்ரோ வெர்ரி சித்திரவதையின் வரலாற்றை ஆராய்ந்து வந்தார். அலெஸாந்த்ரோ வெர்ரி சிறைக் கைதிகளின் நலத்தைக் கவனிக்கும் உத்தியோகம் வகித்தார். சிறைகளின் நிலையை நேரில் கண்டவர். இக்கூட்டத்தினரின் தூண்டுதலினால் 1763-ல் பெக்காரியா எழுதத் தொடங்கினார். மறுவருஷம் லிவோர்னோ நகரத்தில், ஆசிரியர் பெயர் இல்லாமலே, ‘குற்றங்களும் தண்டனைகளும்’ என்ற அந்த நூல் அச்சாகி வெளிவந்தது.

அக்காலத்து ஐரோப்பிய நீதிமுறை எப்படி இருந்தது? இரகசியமாகக் குற்றஞ்சாட்டலாம். சந்தேகிக்கப்பட்டவனைக் கயிற்றில் தொங்கவிட்டு வாக்குமூலம் பெறலாம். இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் ஏறக்குறைய 160 இருந்தன. கடையில் 5 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடியவனும் தூக்குக்குரியவனே. பாவம் எது, குற்றம் எது என்ற பாகுபாடும் தெளிவாக இல்லை.

பெக்காரியா முதலில் குற்றத்துக்கு இலக்கணம் வகுத்தார். குற்றத்தின் அளவு சமூகத்துக்கு அதனால் விளைந்த தீங்கே என்றார். செய்தவனுடைய உள்ளத்து எண்ணமோ, தீங்குற்றவனுடைய குலப்பெருமையோ, தெய்வத்துக்கு விரோதமான பாவமோ அளவுகோலாகாது. பாவத்தை அளக்க மனிதனிடம் கோல் இல்லை என்பது அவர் கருத்து. இவ்வளவையின்படி குற்றங்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்: சமூகத்தையே குலைப்பவை முதல் வகுப்பு, தனி மனிதரின் உயிர், உடைமை, மானம் ஆகியவற்றைக் கெடுப்பவை இரண்டாவது, பொது அமைதியைக் குலைப்பவை மூன்றாவது. இம்மூன்றிலும் சேராத எதையும் குற்றமென்று சொல்லும் அதிகாரம் ஆள்பவனுக்குக் கிடையாது. கொடுங்கோலர் கையிலிருந்து ஒரு பெரும் ஆயுதம் இதனால் பறிக்கப்பட்டது.

குற்றத்துக்கு அளவு உண்டானால் தண்டனைக்கும் அளவு உண்டு. பறவையைக் கொன்றவனுக்கும் மனிதனைக் கொன்றவனுக்கும் ஒரே தண்டனை என்றால் இரண்டு செயல்களுக்கும் வேற்றுமை இல்லை என்று சட்டமே ஜனங்களுக்குப் போதித்ததாகும். தண்டனையின் நோக்கம் பழிவாங்குதலன்று. மீண்டும் அக்குற்றம் நிகழாமல் தடுப்பதே. அதற்குக் கொடுமையைவிட நிச்சயமே வலியது. தப்ப வழியில்லாத சிறு தண்டனை, தப்ப வழியுள்ள பெருந் தண்டனையினும் அதிகமாக மனத்தை அச்சுறுத்தும். தாமதமும் ஆகாது, குற்றமும் தண்டனையும் அடுத்தடுத்து நின்றால்தான் ஒன்றின் நினைவு மற்றதை எழுப்பும்.

சித்திரவதையைப் பற்றி அவர் காட்டிய நியாயம் வழக்கறிஞர்களுக்கு மறக்க வொண்ணாதது. குற்றம் ருசுவாகிவிட்டதா, ருசுவாகவில்லையா? ருசுவாகியிருந்தால் வாக்குமூலம் வேண்டாம். ருசுவாகாவிட்டால் குற்றமற்றவனை வதைத்தவராவோம். வலிய உடம்புள்ள குற்றவாளி வேதனையைத் தாங்கி விடுதலை பெறுவான். மெலிந்த நிரபராதி இல்லாததை ஒப்புக்கொண்டு மடிவான். மரண தண்டனையையும் அவர் மறுத்தார். மிக அபூர்வமான சந்தர்ப்பங்கள் நீங்கலாக அதற்கு உரிமையுமில்லை, பயனுமில்லை. கொலையை வெறுக்கும் சட்டம் தானே ஊரறியக் கொலை செய்வது முரண் என்றார். அதற்கு மாற்றாக அவர் கூறியது ஆயுள் முழுவதும் கடினவேலை. அதுவும் கொடுமையே என்று பின்வந்தோர் குறை கூறினர். அக்குறையில் நியாயம் உண்டு.

நூலின் முடிவில் குற்றத்தைத் தடுக்கும் வழிகளை அவர் ஆராய்ந்தார். தண்டிப்பதினும் தடுப்பதே மேல். சட்டம் எளியதாய், யாவருக்கும் விளங்குவதாய் இருக்கவேண்டும். ஒரு வகுப்பாருக்குச் சலுகை காட்டலாகாது. ஜனங்கள் சட்டத்துக்கு அஞ்சவேண்டுமே யன்றி மனிதருக்கு அஞ்சலாகாது. நீதிபதிகள் கைக்கூலிக்கு இடங்கொடாதவாறு அமைக்கப்படவேண்டும். எல்லாவற்றினும் உறுதியான வழி கல்வி. ஆனால் அதுவே மிகக் கடினமான வழி என்றும் அவர் உணர்ந்திருந்தார்.

நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. மகனைக் கொன்றதாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட ழான் காலாஸ் 1762-ல் துலூஸ் நகரத்தில் சக்கரத்தில் முறிக்கப்பட்டு மாண்டதை எதிர்த்துப் போராடிய வால்டேர், 1766-ல் இந்நூலுக்கு வியாக்கியானம் எழுதினார். அதே வருஷம் ரோமாபுரி இதனைத் தடுக்கப்பட்ட நூல்களின் அட்டவணையில் சேர்த்தது. ஆயினும் மிலானிலிருந்த ஆஸ்திரிய பிரதிநிதி பிர்மியான் பிரபு ஆசிரியரைக் காத்தார். பாரிஸ் அறிஞர்கள் அழைக்க, பெக்காரியா அங்கே சென்றார். புகழ்ச்சியும் கூட்டமும் பொறாமல், மனைவியைப் பிரிந்த ஏக்கத்துடன் சில வாரங்களிலேயே ஊர் திரும்பினார். வெர்ரி சகோதரரின் நட்பும் முறிந்தது.

அதன்பின் அவர் அத்தகைய வேறொரு நூல் எழுதவில்லை. 1768-ல் மிலானில் பொருளாதாரப் பேராசிரியரானார். 1771 முதல் அரசாங்க உத்தியோகத்தில் நாணயம், தானியம், நிறுத்தல் முகத்தல் அளவைகள் ஆகியவற்றைச் சீர்திருத்த உழைத்தார். 1792-ல் சட்டச் சீர்திருத்தக் குழுவில் இருந்தபோது மரண தண்டனைக்கு எதிராக மீண்டும் அபிப்பிராயம் எழுதினார். பிழையாகத் தீர்ப்பளித்தால் திருத்த முடியாத தண்டனை அது என்பது அதில் அவர் காட்டிய காரணம். 1794 நவம்பர் 28-ல் காலமானார். இத்தாலியின் பெரிய நாவலாசிரியரான மான்ஸோனி இவருடைய மகள்வயிற்றுப் பேரர்.

அவர் உயிரோடிருக்கையிலேயே, 1786-ல், டஸ்கனி நாட்டரசர் லியோபோல்டு மரண தண்டனையையும் சித்திரவதையையும் ஒழித்தார். பென்தம் பெக்காரியாவைத் தம் வழிகாட்டியாகக் கொண்டார். பென்தமின் கருத்துக்கள் மெக்காலே வரைந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றன. சென்னை ராஜதானியில் வரி வசூலிக்கவும் வாக்குமூலம் பெறவும் கிட்டி கட்டுதல், அண்ணாந்தாள் பூட்டுதல் முதலிய வதைகள் நடந்ததை 1855-ல் ஒரு விசாரணைக் கமிஷன் வெளியிட்டது. போலீஸாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்கு ருசுவாகக் கொள்ளலாகாது என்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி நிலைத்திருக்கிறது.

விதி நிலைத்திருப்பது மட்டும் போதாது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டால் தண்டனையின் நிச்சயம் தேய்கிறது. விசாரணையின்றிச் சிறையில் கிடப்பவன், குற்றமற்றவனாயினும், தண்டனை அடைந்தவனே ஆகிறான். கடுந் தண்டனை வேண்டும் என்று மேடையேறி முழங்குவது எளிது. துப்புத் துலக்கும் திறமையும், விரைந்த விசாரணையும், விலைக்கு வாங்க முடியாத நீதியும் வேண்டும் என்று கேட்பது கடினம். கூட்டத்தைக் கண்டால் நடுங்கிய ஒரு மனிதர் கடினமானதையே கேட்டார். பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அதனையே கேட்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.