யாழை மீட்ட அடிகளார்

சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் உ.வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்ட ஆண்டு 1892. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஈழத்தின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவு என்னும் ஊரில், சாமித்தம்பி – கண்ணம்மையார் இணையருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. மயில்வாகனன் என்பது அதன் பெயராயிற்று. காரைதீவின் ஊர்த்தெய்வம் கண்ணகியம்மன். ஆண்டுதோறும் வைகாசியில் அங்குக் குளிர்த்திச் சடங்கு நிகழும். கண்ணகி வழக்குரை பாடப்பெறும். இளங்கோவின் காப்பியம் சென்னையில் ஏட்டினின்றும் அச்சுக்கு வந்த நாளில், அக்காப்பியத் தலைவி தெய்வமாக வீற்றிருக்கும் ஊரில், அதன் இசைப்பகுதிக்கு உரைகாணப் போகின்றவர் தொட்டிலில் கிடந்தார். இத்தகைய ஒற்றுமைகளைப் பெரிதுபடுத்துவது ஆராய்ச்சியாகாது என்பதை அறிவேன். ஆயினும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

அச்சிறுவனே பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் என்றும், யாழ்நூல் தந்த அடிகளார் என்றும் தமிழுலகம் போற்றும் பெரியார் ஆனார். அவர்தம் வாழ்வில் கல்வித் தொண்டும் துறவும் பேராசிரியப் பணியும் மொழிபெயர்ப்பும் எனப் பல பக்கங்கள் உண்டு. மறைந்துபோன ஓர் இசைக்கருவியைப் பாட்டிலிருந்து மீட்டெடுக்க அவர் முயன்றார் என்னும் ஒரு பக்கத்தையே இம்மலரில் விரித்துரைக்க விழைகிறேன். கவிஞர்கள் கூடிய வட்டத்தில் அதுவே பேசத்தக்கது.

அப்பணிக்கு வேண்டிய இருவகைக் கல்வியும் அவருக்கு இளமையிலேயே வாய்த்தன. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறித்தவப் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்று, பதினாறாம் வயதில் கேம்பிரிட்சுத் தேர்வில் தேறினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916ஆம் ஆண்டு அவர் வாழ்வில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியின் அறிவியல் பட்டயமும், மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதப் பட்டமும் ஒருசேர அவரை வந்தடைந்தன. ஈழத்திலிருந்து அப்பண்டிதத் தேர்வில் முதன்முதல் தேறியவர் அவரே என்பர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் கற்பித்துக்கொண்டே படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் தமிழ்ப் புலவர் அறிவியலை அண்டார். அறிவியலார் தமிழைக் கற்பது வேண்டாத வேலை எனக் கருதினர். இருகரைக்கும் பாலமாக நின்றவர் மிகச் சிலர்.

மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமைப் பதவியை விட்டு 1922இல் மயிலாப்பூர் இராமகிருட்டிண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். சேக்சுபியரின் நாடகங்களையும் தமிழ் நாடக இலக்கணத்தையும் இணைத்தாராயும் மதங்க சூளாமணி 1926இல் மதுரைத் தமிழ்ச்சங்க வெளியீடாக வந்தது. ஈழம் மீண்டு, மடத்தின் பள்ளிகளைப் பொறுப்பேற்று நடத்தி, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்து, இரண்டாண்டுகளில் அப்பதவியை விடுத்தார். யாழ் பற்றிய வேட்கை ஆராய்ச்சியாக முதிர்ந்தது அக்காலத்தை ஒட்டியேயாகும்.

வேட்கையின் தொடக்கம் மிகச் சிறியது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் அரங்கேற்றத்துக்குரிய ஆசிரியர் அறுவரது இயல்பு கூறப்படுகிறது. அவருள் யாழாசிரியனுக்குரிய பகுதி 25 அடிகள். அடியார்க்குநல்லார் அவ்வடிகளுக்கு உரையெழுதுகையில், தம் காலத்திலேயே அருகிவிட்ட இசைநூல்களை மேற்கோளாகக் காட்டிச் செல்கிறார். கற்பவன் உரையைத் துணைக்கொள்ளப் போனால், உரைக்கே வேறோர் உரை வேண்டியிருக்கும். தமிழாசிரியர் பலர் அவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவர். வகுப்பில் பாடம் சொல்லும் எனக்கும் அந்த ஆசை எழாமலில்லை. அடிகளார் அவ்விடத்திலேயே அமர்ந்துவிட்டார். அவ்விருபத்தைந்து அடிகளின் விரிவுரையாகவே யாழ்நூல் எழுந்தது.

பழைய இசைக்கருவியைப் புதுக்குவதென்றால் என்னவென்று உணர நம் வட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணியாற்றி ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் பழைய மவுத் ஆர்கன்களைத் தேடிச் சேர்த்துப் பழுதுநீக்கி வருகிறார். அவற்றுள்ளும் பக்கத்தில் பொத்தான் அமைந்த குரோமாட்டிக் வகையே அவருக்கு உவப்பானது. 12 துளைகளில் 48 பித்தளை ரீடுகள். ஒவ்வொரு ரீடுக்கும் ஒரே ஒலி. பொத்தானை அழுத்தினால் அரைச்சுரம் ஏறும்; ஆதலால் பன்னிரு சுரங்களும் ஒரே கருவியில் கிட்டும். அவர் கைக்கு வருகையில் பேரிமரச் சட்டம் ஈரத்தில் ஊறி வெடித்திருக்கும். காற்றுக் கசியாமலிருக்க ஒட்டிய தோலிதழ்கள் சுருண்டிருக்கும். சுருதி இறங்கிய ரீடின் நுனியை மெல்லச் சுரண்டினால் ஒலி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். பொறுமை மிக வேண்டிய வேலைதான். எனினும் கருவியின் உடல் அவர் கையில் இருக்கிறது. சட்டம் வெடித்ததாயின் அதன் அளவுக்கே இன்னொன்று இழைக்கலாம். ரீடு ஒடிந்ததாயின் அதே வகைக் கருவி மற்றொன்றிலிருந்து எடுத்துப் பொருத்தலாம்.

அடிகளார்க்கு உடல் இல்லை. தமிழ்நாட்டில் பழைய யாழ் ஒன்றேனும் எஞ்சியிருக்கவில்லை. எஞ்சியவை சில சிற்பங்களும் பாட்டுகளுமே. பாட்டென்றால் பொதுப்பட இனிமை கூறும் பாட்டன்று. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழின் உறுப்பொவ்வொன்றையும் உவமையால் அளந்து வைத்திருக்கிறார். பத்தர் என்னும் அடிப்பகுதி மான்குளம்பு பதிந்த சுவடுபோல் நடுவுயர்ந்து இருபுறமும் சரிந்தது. போர்வைத்தோல் விளக்குச் சுடரின் நிறத்தது. துளைகளை மூடிய ஆணி வளையிலிருக்கும் நண்டின் கண்ணை ஒப்பது. வாய் எட்டாம் நாள் திங்களின் வடிவினது. ஆனால் உள்நாக்கு அதற்கில்லை. மேலெழுந்த கோடு பாம்பு தலைதூக்கியதை ஒக்கும். நரம்பை இறுக்கும் திவவு கரியவள் முன்கையில் நெருங்கியணிந்த வளைகளை ஒக்கும். இவற்றை அழகுக்காக எழுதிய உவமைகள் என்றே நாம் மாணவர்க்குச் சொல்லிவந்தோம். யாழுறுப்பியல் என்னும் இயலில் அடிகளார் அவற்றைத் தச்சனுக்குரிய குறிப்புகளாகப் படித்தார். குளம்புச் சுவடு வடிவைச் சொல்கிறது. சுடர் தோலின் பதத்தைச் சொல்கிறது. நண்டின் கண் ஆணியின் தலை எவ்வளவு வெளியே தெரிய வேண்டும் என்பதைச் சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் குமிழங்கொம்பை வளைத்து மரல்நாரை நரம்பாகக் கட்டிச் செய்துகொள்ளும் வில்யாழ், கருவியின் பிறப்பையே காட்டிவிடுகிறது. வேட்டுவன் வில்லினின்றும் பேரியாழ் வரையிலான வளர்ச்சியை அடிகளார் இவ்வாறு படிப்படியாக நிறுவினார்.

இக்காலக் கவிஞர் நம்மில் எத்தனை பேர் யாழ் என்னும் சொல்லைக் காணாத பொருளுக்குரிய இனிய ஒலியாக மட்டும் ஆண்டிருக்கிறோம்! முடத்தாமக்கண்ணியார் கண்ணாற் கண்டு, கையாற் தொட்டு எழுதியிராவிடில், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு கழித்து ஒருவர் அதனைத் திரும்பச் செய்ய முயன்றிருக்கவே இயலாது.

வடிவம் ஒருவாறு கிடைத்தது. ஒலியை எங்கே தேடுவது? பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்னும் தொகையை உரைகள் தருகின்றன. அந்நரம்புகளை எவ்வாறு சுருதி கூட்டுவது என்பதே வினா. அறிவியல் பயின்றது இங்கேதான் துணைநின்றது. நரம்பின் நீளம் பாதியானால் ஒலி இரட்டிக்கும். மூன்றில் இரண்டு பங்கானால் குரலுக்கு இளி பிறக்கும். இளிக்கு இளி, அதற்கு இளி எனச் சென்றால் பன்னிரு நிலைகளும் ஒவ்வொன்றாகத் தோன்றும். பழையோர் இப்பன்னிரண்டையும் இராசி வட்டத்தில் வைத்துக் காட்டியதன் கருத்தை அடிகளார் கணக்கால் விளக்கினார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 அலகுகள். யாழில் ஒரு நரம்புக்கு ஓர் ஒலியே, மெட்டு இல்லை. ஆகவே ஒரு பாலையினின்று மறுபாலைக்குச் செல்ல வேண்டுமாயின் நரம்பை மாற்றுவதில்லை. எந்த நரம்பைக் குரலாகக் கொள்வது என்பதையே மாற்றுவர். அதுவே பாலைத்திரிபு. மவுத் ஆர்கன் அன்பர் இதனைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டார். நான் புரிந்துகொள்ள மும்முறை படிக்க நேர்ந்தது.

ஒரு நரம்புக்கு ஓர் ஒலி என்பதே யாழின் குறையுமாயிற்று. திருநீலகண்ட யாழ்ப்பாணர் கதையைப் பெரியபுராணத்தில் நாமெல்லாம் படித்திருக்கிறோம். தம் யாழால்தான் பதிகம் சிறக்கிறதென உறவினர் கூறக்கேட்டு வருந்திய அவர், யாழில் அடங்காத பாடலொன்று பாடுமாறு ஞானசம்பந்தரை வேண்டினார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய அப்பதிகம் நரம்பில் அடங்கவில்லை; பாணர் யாழை உடைக்க ஓங்க, சம்பந்தர் தடுத்தார். யாழ்மூரி என்னும் பெயர் அதனால் வந்தது. மிடறு வளைத்து நெளித்துப் பாடும் இசை வளர வளர, திறந்த நரம்புகள் மட்டும் உள்ள கருவி பின்தங்கியது. மெட்டுகளின்மேல் நரம்பை இழுத்து வாசிக்க இடந்தரும் வீணை அதன் இடத்தைக் கொண்டது. பர்மாவில் வில்வடிவ யாழின் உறவான கருவி இன்றும் வாழ்கிறது. இங்கு அது பெயராக மட்டும் நின்றது.

நூல் எழுதிய ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன அல்ல. பள்ளிப் பொறுப்புகள் ஒருபுறம், சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணி ஒருபுறம். 1939 முதல் சில காலம் இமயச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தார். பனிமலையில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் வேதாந்தம் எழுதியவர், இடையிடையே குரலுக்கும் இளிக்கும் கணக்கிட்டார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்தது. கோனூர் நிலக்கிழார் சிதம்பரம் செட்டியார் பொருளுதவி புரிந்தார். கரந்தைத் தமிழ்ச்சங்கம் நூலை வெளியிட முன்வந்தது. பதினான்கு ஆண்டு உழைப்பு, பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களாக நிறைவுற்றது.

1947 சூன் 5, 6 ஆகிய நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. ஆற்று வெள்ளத்தில் ஓடக்காரரின்றிப் பதிகம் பாடியே சம்பந்தர் ஓடம் செலுத்திக் கரைசேர்ந்த தலம் அது. நூலின் கணக்குப்படி செய்த முளரியாழ் முதலிய கருவிகளை ஏந்தியவர் முன்செல்ல, புலவர் குழாம் சூழ, நலிந்த உடலோடு அடிகளார் கோயிலுக்குள் அழைத்துச் செல்லப்பட்டார். சங்கீதபூசணம் க.பொ. சிவானந்தம் பிள்ளை அடிகளார் கணித்த சுருதிகளில் இசைத்தார். நூற்றாண்டுக் கணக்கில் உரைகளுக்குள் உறங்கிய எண்கள் அன்று செவிக்கு வந்தன. அவ்வவையில் அமர்ந்து கேட்டோர் பேறு நமக்கில்லை.

அதன்பின் அடிகளார் வாழ்ந்தது 43 நாள்கள். 1947 சூலை 19 அன்று கொழும்பில் மறைந்தார்.

யாழ்நூலின் முடிபுகள் அனைத்தும் அறிஞரால் ஒருமுகமாக ஏற்கப்பட்டவை அல்ல. அங்ஙனம் கூறுவது அடிகளார்க்குப் பெருமையும் ஆகாது. 1917இல் கருணாமிர்த சாகரம் தந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் அலகு 24 என்றார். அடிகளார் 22 என்றார். இசைத்தமிழுக்கு இன்றியமையாத பஞ்சமரபு அடிகளார் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்தபின் 1970களில்தான் அச்சேறியது. அது கையிலிருந்திருந்தால் சில இடங்களை அவரே திருத்தி எழுதியிருக்கக்கூடும். என் கருத்தில், யாழின் வடிவு பற்றி அவர் கூறியவை உறுதியானவை, பாட்டே சான்று. ஒலி பற்றிக் கூறியவை, தக்க கணக்கின்மேல் நிற்கும் கருதுகோள். நரம்பின் பருமன் என்ன, தோலை எவ்வளவு இறுக்கினர், விரலால் உளர்ந்த வன்மை எத்தகையது என்பனவற்றைப் பாட்டு அளந்து சொல்லவில்லை. அண்மை ஆண்டுகளில் சென்னையில் இளைஞர்கள் யாழைச் செய்து இசைக்க முன்வந்துள்ளனர். அவர்களும் இவ்வினாக்களுக்குத் தத்தம் கையாலேயே விடைகாண வேண்டியிருக்கிறது.

யாழ்நூலின் இரண்டாம் பதிப்பைக் கரந்தைத் தமிழ்ச்சங்கம் 1974இல் கொண்டுவந்தது. அடிகளாரின் உடல் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அடக்கத் தலத்தில் பொறித்திருப்பது யாழ்நூலின் கணக்கு எதுவுமன்று. இறைவன் விரும்பும் மலர் யாதெனக் கேட்டு, உள்ளமே அம்மலர் என விடைகூறி அடிகளார் பாடிய எளிய பாட்டு.