ராபர்ட் டேனியல் லாரன்ஸ்: இன்சுலினோடு வாழ்ந்த 45 ஆண்டுகள்

உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ முதல் வகை நீரிழிவு இருப்பதாக அண்மையில் தெரியவந்திருந்தால், ஊசியைப் பற்றிய அச்சம் சில வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். எளிதில் நீங்காதது வேறொரு கேள்வி. உணவை அளந்து, இரத்தச் சர்க்கரையைச் சோதித்து, இன்சுலினைக் கணக்கிட்டு, மறுநாளும் அதையே செய்து ஓர் ஆயுளைக் கழிக்க இயலுமா? படிப்பு, வேலை, திருமணம், பயணம் ஆகியவை கிட்டுமா? இக்கேள்வியை முதன்முதலில் எதிர்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் ஆங்கிலேய அரசின் படையில் மருத்துவராக இருந்த ராபர்ட் டேனியல் லாரன்ஸ். முதலில் அவர் நோயாளி. பின்னர் அதே நோய்க்கு மருத்துவரானார். இன்று நீங்கள் நாள்தோறும் செய்யும் பல செயல்களை அவர் தம் உடலிலேயே சோதித்தறிந்து பிறருக்குக் கற்பித்தார்.

கண்ணில் தெறித்த எலும்புத் துணுக்கு

லாரன்ஸ் 1892 நவம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் பிறந்தார். முதலில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பயின்று பட்டம் பெற்றார். கிளாஸ்கோ நகரில் உறவினர் ஒருவரின் துணி வணிகத்தில் சிறிது காலம் இருந்துவிட்டு, அது தமக்கு ஒவ்வாது என்று கண்டு மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். 1916-இல் சிறப்பாகத் தேர்ச்சி பெற்றதும் இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து இந்தியாவின் எல்லைப்புறத்தில் பணியாற்றினார். வயிற்றுக்கடுப்பால் உடல் நலிந்து 1919-இல் தாயகம் திரும்பினார்.

அதன்பின் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை அறுவைப் பிரிவில் இடம் கிடைத்தது. காதுக்குப் பின்புறமுள்ள எலும்பில் செய்யும் அறுவையை அவர் ஓர் உடலில் பழகிக்கொண்டிருந்தபோது, உளி பட்டு எலும்புத் துணுக்கு ஒன்று கண்ணில் தெறித்தது. கண்ணில் கிருமித்தொற்று ஏற்பட்டது. சிகிச்சைக்காக அனுமதிக்கப்பட்ட இடத்தில் சோதித்தபோதுதான் நீரிழிவு வெளிப்பட்டது. அப்போது ஆண்டு 1920; அவருக்கு வயது 28-ஐ ஒட்டியிருந்தது. தொற்று அடங்கிற்று, எனினும் அக்கண்ணின் பார்வை குறைந்தே போயிற்று. அறுவை மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டு, அதே மருத்துவமனையின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் மருத்துவர் ஹாரிசனின் கீழ்ப் பணியில் சேர்ந்தார்.

முதல் வகை நீரிழிவில், கணையத்திலுள்ள இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. இது பெற்றோரின் வளர்ப்புக் குறையாலோ இனிப்பு மிகுதியாக உண்டதாலோ வருவதன்று. தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், உண்டும் எடை குறைதல், மிகுந்த சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். குழந்தைகளிடம் இவை தென்பட்டால் அன்றே இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். நாட்களைக் கடத்துதல் உயிருக்கே கேடாக முடியலாம்.

புளோரன்ஸிலிருந்து லண்டன் வரை

இன்சுலின் இல்லாத அக்காலத்தில் சிகிச்சை என்று இருந்தது கடும் பட்டினி உணவு ஒன்றே. மாவுச்சத்தை ஏறக்குறைய முழுவதும் விலக்கி, மொத்த உணவையும் குறைத்து, உயிரைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ நீட்டித்தனர். நோயாளிகள் எலும்பும் தோலுமாக மெலிந்து இறந்தனர். தமக்கும் எஞ்சியிருப்பது சிறிது காலமே என்று லாரன்ஸ் எண்ணினார். தம் மரணத்தைக் குடும்பத்தார் கண்முன் காண வேண்டாம் என்று கருதி, இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்று அங்கே மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

1922-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் அவருக்கு மூச்சுக்குழல் அழற்சி கண்டது. அதுவரை பட்டினியால் ஒருவாறு கட்டுக்குள் இருந்த நீரிழிவு, அந்தச் சளி இருமலோடு கைமீறிப் போயிற்று. கால் நரம்புகள் தளர்ந்து நடப்பதே கடினமாயிற்று.

இவ்விடத்தில் நீங்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். லாரன்ஸுக்கு அன்று நேர்ந்தது இன்றும் பலருக்கு நேர்கிறது. காய்ச்சலோ வேறு தொற்றோ வரும்போது உடல் இன்சுலினுக்கு எதிரான ஹார்மோன்களைச் சுரக்கிறது. உணவே உட்கொள்ளாவிட்டாலும் இரத்தச் சர்க்கரை உயரும். பிள்ளை எதுவும் உண்ணவில்லையே என்று கருதி இன்சுலினை நிறுத்துவது, வீடுகளில் நிகழும் தவறுகளுள் மிகவும் ஆபத்தானது. நோயுற்ற நாளில் இன்சுலினை ஒருபோதும் அறவே நிறுத்தக் கூடாது. அளவை மாற்றுவது குறித்து மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை சர்க்கரையைச் சோதித்து, நீர் நிறையப் பருகி, சோதனைப் பட்டை இருந்தால் சிறுநீரிலோ இரத்தத்திலோ கீட்டோன் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். தொடர் வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழ வாடை, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் வீட்டில் காத்திராமல் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

லாரன்ஸ் இத்தாலியில் நலிந்துகொண்டிருந்தபோது, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நிலைமை மாறியிருந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. 1923-இன் தொடக்கத்தில் கிங்ஸ் மருத்துவமனைக்கும் அம்மருந்து சிறிதளவு வந்து சேர்ந்தது. ஹாரிசன் தம் பழைய உதவியாளரை மறக்கவில்லை. இன்சுலின் வந்துவிட்டதையும் அது வேலை செய்வதையும் தெரிவித்து, உடனே புறப்பட்டு வரும்படி தந்தி அடித்தார். நரம்புத் தளர்ச்சியோடு லாரன்ஸ் கார் ஓட்டிக்கொண்டு ஐரோப்பாவைக் கடந்து மே 28 அன்று மருத்துவமனையை அடைந்தார். முதற்கட்டச் சோதனைகளுக்குப் பின் 1923 மே 31 அன்று அவருக்கு முதல் ஊசி போடப்பட்டது.

அதன்பின் அவர் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் மருத்துவமனையில் தங்கினார். உடல் தேறுவதற்கு மட்டும் அத்தனை நாட்கள் ஆகவில்லை; இன்சுலினைக் கையாளக் கற்பதற்கும் அக்காலம் வேண்டியிருந்தது. அவர் மருத்துவர், வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அவருக்கே இரண்டு மாதங்கள் ஆயின என்றால், முதல் சில வாரங்களில் உங்களுக்குக் கணக்கு பிழைப்பதில் வியப்பில்லை.

அளக்கும் கலை

அன்றைய நோயாளி தம் இரத்தச் சர்க்கரையை வீட்டில் அறிய வழியில்லை. சிறுநீரில் சில துளிகளை பெனடிக்ட் கரைசல் என்னும் நீலநிற நீர்மத்தில் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என மாறினால் அந்த வரிசையில் சர்க்கரை மிகுதி. அதுவும் சில மணி நேரத்திற்கு முந்தைய நிலையையே காட்டும்; சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருப்பதை அது காட்டவே காட்டாது. ஊசிக்குழலும் கண்ணாடியால் ஆனது. ஒவ்வொரு முறையும் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்து, மழுங்கிய ஊசியைத் தீட்டிப் பயன்படுத்தினர். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சில நொடிகளில் எண்ணைப் படிக்கும் கருவியோ, தோலில் ஒட்டிக்கொண்டு இடையறாது அளவைக் காட்டும் உணரியோ லாரன்ஸின் வாழ்நாளில் வீடுகளுக்கு வரவில்லை.

இத்தனை குறைவான கருவிகளோடு நோயாளி தம்மைத் தாமே நடத்திச்செல்ல வேண்டும் என்றால், உணவையேனும் தெளிவாக அளக்க வேண்டும் என்று லாரன்ஸ் முடிவுசெய்தார். அவர் வகுத்த உணவுமுறையில் கருப்புப் பங்கு, சிவப்புப் பங்கு என்று இரு பட்டியல்கள் இருந்தன. கருப்புப் பங்கு ஒவ்வொன்றிலும் 10 கிராம் மாவுச்சத்து அடங்கும். சிவப்புப் பங்கு புரதமும் கொழுப்பும் தருவது. ஒரு துண்டு ரொட்டிக்கு மாற்றாக எவ்வளவு உருளைக்கிழங்கு, எவ்வளவு பால், எந்தப் பழத்தில் எவ்வளவு என்று பட்டியலைப் பார்த்து நோயாளியே தேர்ந்துகொள்ளலாம். இதில் அடங்கிய விடுதலையை எளிதாக எண்ண வேண்டாம். அதுவரை மருத்துவர் எழுதிக் கொடுத்த உணவையே நாள்தோறும் உண்டவர், இனித் தாம் விரும்பியதை அளவறிந்து உண்ணலாம். 1925-இல் மருத்துவர்க்கும் நோயாளிக்கும் பொதுவாக அவர் எழுதிய ‘தி டயபெடிக் லைஃப்’ என்னும் நூல் பல பதிப்புகள் கண்டது. 1929-இல் இன்னும் எளிய நூலொன்றையும் வெளியிட்டார்.

அவருடைய முறை அப்படியே இன்றைக்குப் பொருந்தாது. அக்கால உணவில் கொழுப்பு மிகுதி. உணவும் நேரமும் இறுக்கமாக வரையறுக்கப்பட்டிருந்தன. ஆனால் மாவுச்சத்தை எண்ணுதல் என்னும் அடிப்படை இன்றும் மாறவில்லை. உங்கள் தட்டில் இருப்பது இட்லியோ சோறோ சப்பாத்தியோ, அதிலுள்ள மாவுச்சத்தின் அளவை மதிப்பிட்டு அதற்கேற்ப உணவுநேர இன்சுலினைச் செலுத்துகிறீர்கள். எத்தனை கிராமுக்கு எத்தனை அலகு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே நபருக்குக் காலையிலும் இரவிலும் வேறாக இருக்கக்கூடும். எனவே பிறருடைய அளவைப் பின்பற்றாதீர்கள். தொடக்க நாட்களில் வீட்டிலுள்ள ஒரே கிண்ணத்தால் சோற்றை அளந்து பரிமாறி, உண்பதற்கு முன்னும் இரண்டு மணி நேரத்திற்குப் பின்னும் சர்க்கரையைச் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதிவந்தால், உங்கள் கணக்கு உங்களுக்கே புலப்படத் தொடங்கும். அக்குறிப்பேட்டை மருத்துவரிடம் செல்லும்போது தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.

உழைப்பும் தாழ்சர்க்கரையும்

இன்சுலின் வந்த பிறகு முன்பு அறியாத ஓர் ஆபத்தும் உடன் வந்தது. சர்க்கரை மிகவும் தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, அறிவு மங்கும் நிலை அது. இது எப்போது வருகிறது என்பதை லாரன்ஸ் கூர்ந்து நோக்கினார். ஒரே அளவு இன்சுலின், ஒரே உணவு. ஆனால் உடலுழைப்பு மிகுந்த நாளில் சர்க்கரை அதிகம் தாழ்ந்தது. உடற்பயிற்சி இன்சுலினின் செயலை மிகுவிக்கிறது என்பதை 1926-இல் ஆய்வுக் கட்டுரையாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

ஆதலால் விளையாட்டை விலக்க வேண்டியதில்லை. அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு முன் சோதியுங்கள். அளவு குறைவாக இருந்தால் சிறிது மாவுச்சத்து உட்கொண்ட பின் தொடங்குங்கள். சர்க்கரை 250 மி.கி.க்கு மேல் இருந்து கீட்டோனும் காணப்பட்டால் அன்று கடும் பயிற்சி வேண்டாம். மாலையில் ஓடியாடியதன் விளைவு அன்றிரவு உறக்கத்திலும் தொடரக்கூடும் என்பதால், படுக்கும் முன் சோதிப்பது இன்றியமையாதது.

சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழ் சென்றால் விரைவில் செரிக்கும் சர்க்கரை 15 கிராம் உட்கொள்ள வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகினால் போதும். சாக்லேட் இதற்கு ஏற்றதன்று. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் சோதித்து, ஏறாவிட்டால் மறுபடியும் அதே அளவு கொடுக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். பிள்ளையின் வகுப்பாசிரியருக்கும் நெருங்கிய நண்பருக்கும் இவ்விவரம் தெரிந்திருத்தல் நன்று. நோயை மறைத்து வைப்பதால் வரும் ஆபத்து, வெளியே சொல்வதால் வரும் கூச்சத்தை விடப் பெரிது.

சங்கமும் பிற்காலமும்

கிங்ஸ் மருத்துவமனையில் லாரன்ஸ் வளர்த்த நீரிழிவுப் பிரிவு நாட்டின் பெரிய பிரிவுகளுள் ஒன்றாயிற்று. அவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸும் ஒருவர். வெல்ஸுக்கு இருந்தது முதுமையை ஒட்டி வந்த நீரிழிவு. 1934-இல் இருவரும் முன்னின்று, நோயாளிகளும் மருத்துவர்களும் சரிநிகராக அமரும் நீரிழிவுச் சங்கத்தை நிறுவினர். இன்று டயபெடிஸ் யூகே என்ற பெயரில் அது இயங்கிவருகிறது. 1950-இல் உருவான சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் முதல் தலைவரும் லாரன்ஸே.

நீரிழிவு ஒரே நோயன்று என்ற ஐயம் மருத்துவரிடையே முன்பே இருந்தது. 1951-இல் லாரன்ஸும் ஜோசப் பார்ன்ஸ்டீனும் நோயாளிகளின் இரத்தத்தில் இன்சுலின் உண்டா என்று எலிகளைக் கொண்டு சோதித்தனர். சிலருடைய இரத்தத்தில் இருந்தது; சிலருடையதில் இல்லை. ‘மாத்திரை போதுமே, ஊசி எதற்கு’ என்று உறவினர் எவரேனும் உங்களிடம் கேட்டால், உங்கள் நோய் இந்த இரண்டாவது வகையைச் சார்ந்தது என்று விளக்கலாம். இதில் இன்சுலினுக்கு மாற்றாக மாத்திரையோ மூலிகையோ இல்லை.

லாரன்ஸ் 1928-இல் திருமணம் செய்துகொண்டார்; மூன்று புதல்வர்கள் பிறந்தனர். அவர் தலைமுறையினர் நெடுங்காலம் வாழத் தொடங்கியபோதுதான், நீடித்த உயர்சர்க்கரை கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக்குழாய் ஆகியவற்றைத் தாக்குவது முழுமையாக வெளிப்பட்டது. அதனாலேயே மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எச்பிஏ1சி சோதனையும், மருத்துவர் கூறும் காலத்திலிருந்து ஆண்டுதோறும் கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றின் பரிசோதனையும் உங்களுக்கு அறிவுறுத்தப்படுகின்றன. குறை ஏதும் தெரியாதபோது செய்யும் சோதனைக்கே பயன் மிகுதி.

பணி ஓய்வுக்குப் பின் லாரன்ஸைப் பக்கவாதம் தாக்கிற்று. ஆயினும் தம்மை நாடி வந்த நோயாளிகளைப் பார்ப்பதை அவர் விட்டுவிடவில்லை. 1968 ஆகஸ்ட் 27 அன்று லண்டனில் காலமானபோது அவருக்கு வயது 75.