குப்பைக்குள் கிடந்த ஆயிரம் வருஷம்... தூசியில் மூழ்கி வரலாற்றை மீட்ட சாலமன் ஷெக்டர்!

ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோ. 1898-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் எடுத்தது. நீளமான மேஜைகள், அதன்மேல் குவிந்துகிடக்கும் கிழிந்த தாள்கள், சுற்றிலும் பெட்டிகள். நடுவில், தலையில் கைவைத்தபடி அடர்ந்த தாடியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பார்த்தால் பழைய பேப்பர் கடைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், யூத வரலாற்றைப் பல்கலைக்கழகங்கள் படிக்கும் விதத்தையே மாற்றிய குவியல் அது. அந்த மனிதர், சாலமன் ஷெக்டர்.

யார் இந்த ஷெக்டர்?

1847-ல், இன்றைய ருமேனியாவில் இருக்கும் ஃபோக்‌ஷானி என்ற ஊரில் பிறந்தவர். யூத மதமுறைப்படி கால்நடைகளை அறுத்துக் கொடுப்பதுதான் அப்பாவின் தொழில். ஷெக்டர் என்ற குடும்பப் பெயருக்கு அர்த்தமும் அதுதான். வியன்னா, பெர்லின் எனத் தேடித் தேடிப் படித்தார். 1882-ல் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இங்கிலாந்து போனவர், 1890-ல் கேம்பிரிட்ஜில் தால்முத் கற்பிக்கும் ஆசிரியரானார்.

இது சாதாரண விஷயமில்லை. 1871-ல் சட்டம் மாறும்வரை, ஆங்கிலிகன் திருச்சபையைச் சேராதவர்களுக்கு அங்கே பல பதவிகளின் கதவு மூடியே இருந்தது. ஜெர்மனியில் நிலைமை இன்னும் மோசம். யூத வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் ஒரு பேராசிரியர் பதவி கொடுங்கள் என்று 1848-ல் லியோபோல்ட் சுன்ஸ் என்ற அறிஞர் கேட்டபோது, பெர்லின் பல்கலைக்கழகம் முடியாது என்றுவிட்டது. யூத நூல்கள் என்றாலே கிறிஸ்தவத்துக்கு ஒரு முன்னுரை என்ற பார்வைதான் அன்றைய பல அறிஞர்களுக்கு. தன் மக்களின் வரலாற்றுக்குத் தனி மதிப்பு உண்டு என்று நிரூபிக்க ஷெக்டருக்கு ஆதாரம் வேண்டியிருந்தது.

அந்த ஒரு தாள்

1896, மே மாதம். ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்ஸன் என்ற இரட்டைச் சகோதரிகள், கிழக்கே பயணம் போய்விட்டு சில பழைய தாள்களோடு கேம்பிரிட்ஜ் திரும்பியிருந்தார்கள். எதற்கும் பார்க்கட்டுமே என ஷெக்டரிடம் காட்டினார்கள். அதில் ஒரு தாளைப் பார்த்ததும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. கி.மு. 2-ம் நூற்றாண்டில் ஜெருசலேமில் எழுதப்பட்ட பென் சீரா என்ற அறநூலின் ஹீப்ரு வடிவம் அது! பல நூற்றாண்டுகளாக கிரேக்கம், சிரியாக் போன்ற மொழிபெயர்ப்புகள்தான் உலகத்துக்குக் கிடைத்திருந்தன.

இது எங்கேயிருந்து வந்திருக்கும்? கெய்ரோவில் இருக்கும் பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடம்தான் என்று கணக்குப்போட்டார். செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் தலைவர் சார்லஸ் டெய்லர் பணம் கொடுக்க, டிசம்பரிலேயே கிளம்பிவிட்டார்.

ஏணி வைத்து ஏறினால்...

காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொள்வோமே, கிட்டத்தட்ட அதே மரியாதைதான் அங்கேயும். கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் தூக்கி எறியக் கூடாது. அப்படிப்பட்ட தாள்களைப் போட்டுவைக்கும் இடத்துக்கு கெனிஸா என்று பெயர். பென் எஸ்ராவின் கெனிஸாவில் கடவுள் பெயர் இருந்ததோ இல்லையோ, எல்லாமே சேர்ந்துவிட்டது. திருமண ஒப்பந்தம், விவாகரத்துப் பத்திரம், கடைக்கணக்கு, வியாபாரக் கடிதம், குழந்தைகளின் எழுத்துப் பயிற்சித் தாள்கூட!

ஜன்னல் கிடையாது, கதவும் கிடையாது. ஏணியில் ஏறி, சுவரின் உயரத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். காலை வைத்தாலே தூசி பறக்கும். கெய்ரோவின் தலைமை ரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஷெக்டர் வாரக்கணக்கில் அந்தத் தூசியிலேயே கிடந்தார். தொண்டை அடைத்தது, உடம்பு கெட்டது. ஆனாலும் விடவில்லை. கேம்பிரிட்ஜுக்கு வந்துசேர்ந்தவை சுமார் 1,93,000 துண்டுகள்.

அன்று எகிப்து பிரிட்டிஷ் பிடியில் இருந்தது. அனுமதியோடு எடுத்தாலும், ஒரு ஊரின் ஞாபகங்கள் இன்னொரு நாட்டுக்குப் போனது சரியா என்ற கேள்வியை இன்று நாம் கேட்கத்தான் வேண்டும். அதே சமயம், அந்தத் தாள்கள் ஏற்கெனவே ஒவ்வொன்றாக வியாபாரிகள் கைக்குப் போய்க்கொண்டிருந்தன என்பதும் உண்மை.

பாதிதான் பார்த்தார்

1899-ல் பென் சீராவின் ஹீப்ரு பகுதிகளை டெய்லரோடு சேர்ந்து வெளியிட்டார். உடனே கிளம்பியது எதிர்ப்பு. இது மூலமே இல்லை, பிற்காலத்தில் யாரோ ஹீப்ருவுக்குத் திருப்பி மொழிபெயர்த்தது என்றார் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் மார்கோலியூத். சண்டை வருஷக்கணக்கில் நீண்டது.

1902-ல் ஷெக்டர் நியூயார்க் போய், யூத இறையியல் கல்லூரி ஒன்றின் தலைவரானார். 1910-ல் கெனிஸாவிலிருந்து இன்னொரு நூலை வெளியிட்டு, இது ஒரு பழங்கால யூதப் பிரிவின் சட்டநூல் என்றார். அதிலும் வாதம்தான். 1915-ல் இறந்துபோனார்.

பதில் வந்தது, ரொம்பத் தாமதமாக. அந்தச் சட்டநூலின் பிரதிகள், 1950-களில் சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் கிடைத்தன. 1964-ல் மசாடா கோட்டையில் பென் சீராவின் ஹீப்ரு சுருள் ஒன்று கிடைத்தது. சுமார் 2,000 வருஷப் பழசு. அதன் வரிகள் பெரும்பாலும் கெனிஸா தாள்களோடு ஒத்துப்போயின. ஷெக்டர் சொன்னதுதான் சரி!

ஆனால், அவருக்குத் தெரியாமல் போன புதையலும் உண்டு. அவர் மனம் மதநூல்களில்தான் இருந்தது. கடைக்கணக்கும் கடிதமும் அதிகம் கவனிக்கப்படாமல் பெட்டிகளில் தூங்கின. பின்னாளில் கோய்டைன் என்ற அறிஞர் அவற்றைப் படித்தபோது, 12-ம் நூற்றாண்டு வியாபாரிகளின் வாழ்க்கையே எழுந்து வந்தது. அதில் ஒருவர், துனிசியாவிலிருந்து வந்து மங்களூரில் பல வருஷம் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜூ. மிளகு ஏற்றிய கப்பல், வெண்கலப் பட்டறை, ஆஷு என்ற பெண்ணின் அடிமை விடுதலைப் பத்திரம் என நம் மேற்குக் கரையின் கதையும் கெய்ரோ குப்பைக்குள்தான் இருந்திருக்கிறது.

இப்போது அந்தத் தாள்களில் ஏராளமானவற்றை நம் போனிலேயே பார்க்கலாம். ஜூம் செய்தால், 900 வருஷத்துக்கு முன்னால் ஒரு குழந்தை எழுத்துப் பழகியதுகூடத் தெரியும். அடுத்தமுறை வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும்போது, தாத்தாவின் பழைய நோட்டை எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்!