கல்லைத் தேடியவர் கலையைக் கண்டார்

ஆனந்த குமாரசாமி என்றதும் ஆடல்வல்லானின் தத்துவத்தை உலகறியச் செய்த கலைமேதை என்றே பலரும் எண்ணுவர். நிலவியல் மாணவனாகிய எனக்கோ அவர் எம் துறையின் முன்னோர்.

1877 ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக்குமாரசாமி ஈழத் தமிழர். தாயார் எலிசபெத் ஆங்கிலேயர். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்த அவர், இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் கற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். தோரியனைட்டு என்னும் கனிமம் 1904 இல் உலகுக்குத் தெரியவந்தது அவரால்தான்.

கற்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தவரின் கண்ணில் கைவினைஞர்களின் வாழ்வும் பட்டது. கண்டி மன்னர்கள் கைவினைஞர்களுக்கு நிலம் அளித்துப் போற்றினர். 1815 இல் அவ்வரசு வீழ்ந்தது, ஆதரவு போயிற்று. கூடவே, மலிவான ஆலைச் சரக்குகளும் வந்து குவிந்தன. தொழில் அழிந்தால் அதனுள் உறையும் நம்பிக்கைகளும் அழியும் என்பதை அவர் உணர்ந்தார். புத்தர் சிலைக்குக் கண் எழுதும் சிற்பி அதனை நேரே நோக்காமல், கண்ணாடியில் பார்த்தே எழுதுவான். இத்தகைய சடங்குகளையும், கொடி, அன்னம் முதலிய கோலங்களையும், கருவிகளையும் ஒன்றுவிடாமல் குறித்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அப்பெருநூலைக் கையச்சுப் பொறியிலேயே அச்சிட்டு 1908 இல் முடித்தார். அச்சிட்டவை 425 படிகளே. 1917 இல் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் சேர்ந்து, 1947 இல் மறையும்வரை அங்கேயே கலைத்தொண்டு ஆற்றினார்.

கனிமத்தை ஆராய்ந்த அதே கூர்மையோடு அவர் குயவரையும் கொல்லரையும் அணுகினார். அதுவே என்னைக் கவர்ந்தது. காரணம் உண்டு. என் தந்தையார் மண்பாண்டத் தொழிலாளி. புரவியெடுப்பின்போது ஐயனாருக்கு மண்குதிரை செய்து தருபவர். எங்கள் ஊரிலும் குதிரைக்குக் கண் திறப்பதே இறுதிச் சடங்கு. அதுவரை அது மண். அதன்பின் தெய்வத்தின் ஊர்தி.

எந்தக் குளத்து மண், எவ்வளவு மணல், எத்தனை நாள் உலர்த்தல் என்பதெல்லாம் தந்தையாரின் கைக்கு மட்டுமே தெரியும். ஏட்டில் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். இனிச் சக்கரத்தின்முன் அமர எவருமில்லை. ஆகவே அவர் சொல்லச் சொல்ல ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியுள்ளேன். மண்ணின் தன்மையை ஆராயக் கல்லூரி கற்றுத் தந்திருக்கிறது. அதைக் கையாளும் வித்தையோ வீட்டில் இருக்கிறது.

நண்பர்களே, உங்கள் இல்லங்களிலும் தறியோ உலையோ உளியோ இருக்கலாம். அவை ஓயுமுன் கேட்டு எழுதி வையுங்கள். குமாரசாமிக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.