வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர்



1883இல் அணை உடைந்து வெள்ளம் வந்ததால் நம் ஊருக்கு அம்பாங் பெச்சா என்று பெயர் வந்தது. அணை உடைந்தால் ஊர் போகும். வங்கி உடைந்தால் என்ன போகும்? அதைக் கண்ணால் கண்டவர் வி. கிருஷ்ணசாமி ஐயர்.

தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் 1863இல் பிறந்தார். சட்டம் படித்து 1885இல் சென்னையில் வக்கீலானார். சீமையில் படித்த வெள்ளைக்கார பாரிஸ்டர்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. உள்ளூர்ப் படிப்பை வைத்துக்கொண்டே ஐயர் அவர்களுக்குச் சமமாக நின்றார்.

சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்றால் மலை மாதிரி நம்பிக்கை. ஏழை எளியவர்கூட அதிலே பணம் போட்டு வைத்தார்கள். 1906 அக்டோபர் 22இல் அது திவாலானது. எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

திவால் வழக்கு என்றால் என்ன? மிச்சமிருக்கும் சொத்தை நீதிமன்றம் எடுத்து விற்று, கடன் கொடுத்த எல்லாருக்கும் விகிதப்படி பங்கிடுவதுதான். பெரிய மனுஷன் முந்திக்கொள்ள முடியாது. பணத்தை இழந்தவர்கள் பக்கம் ஐயர் நின்றார். கம்பெனித் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது.

வழக்கு முடிந்தால் சரி என்று அவர் இருந்துவிடவில்லை. நம் பணத்தை நாமே காக்க வேண்டும் என்று, வங்கி விழுந்த பதினொரே நாளில் நண்பர்களோடு சேர்ந்து புது வங்கிக்கு அறிக்கை விட்டார். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கைகொடுத்தார்கள். 1907 ஆகஸ்டு 15இல் இந்தியன் வங்கி திறந்தது. பின்னாளில் அது நம் மலாயாவுக்கும் வந்தது. அதன் இங்குள்ள கிளைகள் 1973இல் யுனைட்டெட் ஏசியன் வங்கியில் சேர்ந்தன.

அரசியலில் பாரதியாரோடு ஒத்துப் போகாதவர் ஐயர். ஆனாலும் அவர் பாட்டைக் கேட்டு உருகி, தம் செலவிலேயே அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். 1909இல் நீதிபதியானார். 1911 டிசம்பர் 28இல், நாற்பத்தெட்டே வயதில் காலமானார்.

ஒன்று சொல்கிறேன். என் தாயார் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசைக் கூட்டுப் பிடித்த ஒருவரிடம் கொடுத்தார். அந்த ஆள் ஒருநாள் காணாமல் போனார். ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. லயத்து வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே பெற்றோர்களே, காசு கொடுத்தால் ரசீது வாங்குங்கள். மாணவர்களே, இன்று பரிசு வாங்கும் உங்களில் ஒருவராவது சட்டம் படித்து, இப்படி ஏமாந்தவர்களுக்காக எழுந்து நின்று பேச வேண்டும். அதுவே என் ஆசை.